உம்ரி ராஜாவுக்கு ஆறே வசனம்

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ராஜாக்கள் நடமாட்டம். மகளுக்கு வேதாகம வினாடி வினா. இந்த வருடம் கொடுத்திருக்கும் பகுதி இராஜாக்கள் புத்தகம், இரண்டு பாகமும். வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் போதும், "அப்பா, கேள்வி கேளுங்க" என்று புத்தகத்தை மடியில் போட்டுவிடுவாள். பரோடாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ரெகொபெயாம், யெரொபெயாம் எல்லாம் தடுக்காமல் வருகிறது. எனக்குத்தான் யார் யாருக்கு மகன் என்று குழம்புகிறது!

போன வாரம் திடீரென்று கேட்டாள். "ஏம்ப்பா, எந்த ராஜாவை எடுத்தாலும் கெட்டவன் கெட்டவன்னே போட்டிருக்கே. இப்படி எழுத ராஜா எப்படி விட்டாரு?"

வினாடி வினாவுக்கு உதவாத கேள்விதான். ஆனால் சரித்திரம் படிக்கிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் நானே உட்கார்ந்து படித்ததில் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். விசுவாசிகளும் படிக்கலாம், மற்றவர்களும் படிக்கலாம். ராஜாக்கள் எல்லாருக்கும் பொதுதானே.

பழைய ராஜ்யங்களில் கல்லில் எழுத்து வெட்டியவன் ராஜாவிடம் கூலி வாங்கியவன். அதனால் கல்லில் தோல்வி இருக்காது. 1868இல் இன்றைய ஜோர்டானில் உள்ள திபான் என்ற இடத்தில் ஒரு கருங்கல் கிடைத்தது. மோவாப் ராஜா மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நாட்டியது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேலின் ராஜாவாகிய உம்ரி மோவாபை வெகுகாலம் ஒடுக்கினான், நான் வந்து மீட்டேன், இஸ்ரவேல் ஒரேயடியாக அழிந்துபோனது என்று அதில் மேசா பெருமை அடித்துக்கொள்கிறான். இஸ்ரவேல் அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த உம்ரி சாதாரண ஆள் இல்லை. சமாரியா என்ற தலைநகரத்தையே உண்டாக்கியவன். அவன் வம்சம் போன பிறகும் அசீரியர்கள் அந்த நாட்டை 'உம்ரியின் வீடு' என்றுதான் எழுதினார்கள். இதில் ஒரு வேடிக்கை. உம்ரியின் வம்சத்தைப் பூண்டோடு அழித்துவிட்டுப் பட்டத்துக்கு வந்தவன் யெகூ. அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசாரின் கறுப்புத் தூணில் அவன் கப்பம் கட்டுவது செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 841இல் நடந்தது. அங்கே அவனையே 'உம்ரியின் மகன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! அவ்வளவு பெரிய பெயர் உம்ரிக்கு.

சரி, அந்த உம்ரியின் ஆட்சிக்கு வேதாகமம் கொடுத்த இடம் எவ்வளவு? 1 இராஜாக்கள் 16ஆம் அதிகாரத்தில் ஆறே வசனம். 12 வருடம் ஆண்டான், சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கி நகரம் கட்டினான், முன்னால் இருந்தவர்களைவிடக் கெட்டவனாக நடந்தான், செத்தான், மகன் வந்தான். மற்ற பராக்கிரமமெல்லாம் வேண்டுமானால் அரசாங்க நாளாகமத்தில் போய்ப் பார்த்துக்கொள் என்று முடித்துவிடுகிறார் எழுதியவர்.

அந்த மகன்தான் ஆகாப். கி.மு. 853இல் சிரியாவின் கர்க்கார் என்ற இடத்தில் பல ராஜாக்கள் கூட்டுச் சேர்ந்து சல்மனாசாரை எதிர்த்தார்கள். அதில் ஆகாப் 2,000 ரதங்களும் 10,000 காலாட்களும் கொண்டுவந்ததாக சல்மனாசாரின் கல்வெட்டே சொல்கிறது. (2,000 ரதம் கொஞ்சம் மிகை என்று சில அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள்.) அந்தக் காலத்தின் பெரிய யுத்தங்களில் ஒன்று. வேதாகமத்தில் அதற்கு எத்தனை வசனம்? ஒன்றுகூட இல்லை.

ஆனால் அதே ஆகாபின் காலத்தில், யெஸ்ரயேலில், அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு திராட்சத்தோட்டம் வைத்திருந்த நாபோத் என்ற குடியானவனுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு முழு அதிகாரம். 21ஆம் அதிகாரம், 29 வசனம்!

நகரத்தை உண்டாக்கியவனுக்கு ஆறு. பெரிய யுத்தத்துக்குப் பூஜ்யம். தோட்டத்தைப் பறிகொடுத்தவனுக்கு 29. இந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் கையில் இருந்த முழக்கோல் வேறு என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. அது என்ன முழக்கோல் என்று பார்க்க நாம் கொஞ்சம் பின்னால், ராஜாவே இல்லாத காலத்துக்குப் போகவேண்டும்.

சாமுவேல் கிழவராகிவிட்டார். பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயம் விசாரிக்கிறார்கள், லஞ்சம் வாங்குகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, மற்ற ஜாதிகளுக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய மனிதரின் பிள்ளைகளே சரியில்லை என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

சாமுவேல் கொடுக்கிற பதில் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ராஜா வந்தால் என்ன செய்வான் என்று ஒரு பட்டியல். உங்கள் மகன்களை ரதத்துக்கும் குதிரைக்கும் எடுத்துக்கொள்வான். மகள்களைச் சமையலுக்கும் தைலம் கூட்டுவதற்கும் எடுத்துக்கொள்வான். நல்ல வயலையும் தோட்டத்தையும் எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒன்று, மந்தையில் பத்தில் ஒன்று. கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை. மொத்தப் பேச்சையும் ஒரே சொல்லில் அடக்கலாம்: எடுத்துக்கொள்வான். அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதைச் சொன்னவர், நாலு அதிகாரம் தள்ளி, தான் பொறுப்பை விடும்போது ஜனங்கள் முன்னால் நின்று, நான் யாருடைய மாட்டை, யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், சொல்லுங்கள் என்று கேட்கிறார். எடுக்கவில்லை என்று ஜனங்களே சாட்சி சொல்கிறார்கள். இதுதான் முழக்கோல்.

இன்னொரு இடம் உபாகமம் 17. ராஜாவுக்கென்றே எழுதின சட்டம். குதிரைகளைப் பெருக்காதே. மனைவிகளைப் பெருக்காதே. வெள்ளியும் பொன்னும் அளவுக்கு மீறிச் சேர்க்காதே. மூன்று 'கூடாது'க்குப் பிறகு ஒரே ஒரு 'செய்' வருகிறது. சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் இந்தச் சட்டப் புத்தகத்துக்குத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொண்டு, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்கவேண்டும். எதற்காக? சகோதரர்களைவிடத் தான் உசத்தி என்ற எண்ணம் மனதில் ஏறாமல் இருப்பதற்காக.

இதில் இருக்கும் புதுமையைக் கவனியுங்கள். பாபிலோனின் ஹமுராபி தன் சட்டங்களைக் கல்லில் பொறித்தபோது, சட்டத்தைக் கொடுப்பவன் ராஜா. அவனும் விதவை, அநாதையைக் காப்பதாகத்தான் சொல்கிறான், அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உபாகமத்தில் ராஜா சட்டம் போடுகிறவன் இல்லை. சட்டத்தைப் பார்த்துக் காப்பி எழுதுகிற மாணவன்! ராஜாவுக்கு மேலே ஒரு புத்தகம் இருக்கிறது.

இப்போது சாலொமோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஞானத்துக்குப் பெயர் போனவர். 1 இராஜாக்கள் 10, 11ஆம் அதிகாரங்களில் அவர் செல்வத்தை வர்ணித்துக்கொண்டே போகிறது. வருடத்துக்கு 666 தாலந்து பொன். 1,400 ரதம், 12,000 குதிரை வீரர். குதிரை எங்கிருந்து? எகிப்திலிருந்து. 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். மேலோட்டமாகப் படித்தால் புகழ்ச்சி. உபாகமம் 17ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் குற்றப்பத்திரிகை. பொன், குதிரை, மனைவி... மூன்றும் வரிசையாக வந்துவிட்டன. கர்த்தருடைய ஆலயத்தைக் கட்ட 7 வருடம், தன் அரண்மனையைக் கட்ட 13 வருடம் என்பதையும் எழுதியவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒரு விமர்சனமும் சொல்லவில்லை. நம்மைக் கணக்குப் போடச் சொல்கிறார்.

(உபாகமம் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது கி.மு. 7ஆம் நூற்றாண்டில்தான் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் சாலொமோன் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு எழுதின சட்டமாகவும் இருக்கலாம். எனக்கு அதில் சங்கடமில்லை. சூடு கண்டபிறகு எழுதும் சட்டத்துக்கு மதிப்பு அதிகம்.)

அந்தக் கட்டடங்களுக்கு ஆள் எங்கிருந்து? 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக லெபனோனுக்கு அனுப்பினார்கள். சாலொமோன் இறந்ததும், கி.மு. 930 வாக்கில், சீகேமில் ஜனங்கள் மகன் ரெகொபெயாமிடம் சுமையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டார்கள். பெரியவர்கள் சொன்ன யோசனை, இன்றைக்கு நீ இவர்களுக்கு ஊழியக்காரனாக இரு, என்றைக்கும் இவர்கள் உனக்கு ஊழியம் செய்வார்கள் என்பது. கூட வளர்ந்த வாலிபர்கள் சொன்னது, அப்பாவைவிட நான் பத்து மடங்கு என்று காட்டு என்பது. ரெகொபெயாம் வாலிபர்கள் பேச்சைக் கேட்டான். சமாதானம் பேச அவன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? கட்டாய வேலைக்கு அதிகாரியாக இருந்த அதோராம்! ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜ்யம் இரண்டாயிற்று.

தாவீதுக்கும் சலுகை இல்லை. உரியாவின் மனைவியை ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார், உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். நாத்தான் தீர்க்கதரிசி நேரே குற்றம் சாட்டவில்லை. நிறைய மந்தை வைத்திருந்த பணக்காரன், ஏழை மடியில் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியை விருந்தாளிக்காக எடுத்துச் சமைத்துவிட்டான் என்று கதை சொன்னார். தாவீது கொதித்துப்போய், அவன் சாகவேண்டியவன், நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபிறகுதான், அந்த மனிதன் நீதான் என்றார். மற்ற நாடுகளில் இதைச் சொன்னவன் தலை தப்பியிருக்குமா? தாவீது குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் கதையும் மறைக்கப்படாமல் நம் கைக்கு வந்திருக்கிறது.

நாபோத் விஷயத்துக்கு வருவோம். ஆகாப் முதலில் நியாயமாகத்தான் கேட்கிறான். பணம் தருகிறேன், அல்லது இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்கிறான். நாபோத், பிதாக்கள் சொத்து, கொடுக்கமாட்டேன் என்கிறான். அந்த நாட்டு நியாயப்படி பிதாக்களின் நிலம் கடவுள் குடும்பத்துக்குக் கொடுத்தது, ராஜாவே கேட்டாலும் மறுக்கலாம். அது ஆகாபுக்கும் தெரியும். அதனால்தான் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான்! சீதோன் ராஜாவின் மகளான யேசபேலுக்கு இது புரியவே இல்லை. நீ ராஜா இல்லையா என்கிறாள். அவள் ராஜ முத்திரை வைத்துக் கடிதம் எழுதுகிறாள், இரண்டு பொய்ச்சாட்சி வருகிறார்கள், நாபோத் கல்லெறியுண்டு சாகிறான், ஆகாப் தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போகிறான். எல்லாம் சட்டப்படி நடந்த மாதிரியே இருக்கும். தோட்டத்தில் எலியா நிற்கிறார், கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்ற கேள்வியோடு. அப்பன் உம்ரி மலையை விலை கொடுத்து வாங்கினான். மகன் தோட்டத்தை உயிர் வாங்கி எடுத்துக்கொண்டான்.

கடைசியாக ஒரு அப்பா, மகன். கி.மு. 622இல், யோசியா ராஜா காலத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்தது. சாப்பான் என்ற எழுத்தர் அதை ராஜாவுக்கு முன் வாசித்தார். கேட்டதும் ராஜா தன் உடையைக் கிழித்துக்கொண்டார். நாம் இப்படி நடக்கவில்லையே என்ற பயம். சுமார் 18 வருடம் கழித்து, அவர் மகன் யோயாக்கீம் குளிர்காலத்தில் கணப்புக்கு முன் உட்கார்ந்திருக்க, எரேமியா சொல்லி பாருக் எழுதிய சுருளை வாசிக்கிறார்கள். மூன்று நாலு பத்தி வாசித்ததும் அதை அறுத்து நெருப்பில் போட்டான் ராஜா. இப்படியே முழுச்சுருளும் சாம்பல். வேண்டாம் என்று கெஞ்சினவர்களில் ஒருவர் கெமரியா. யோசியாவுக்கு வாசித்த அதே சாப்பானின் மகன் என்று கருதப்படுகிறவர். அப்பா புத்தகத்தைக் கேட்டு உடையைக் கிழித்தார், மகன் புத்தகத்தையே கிழித்தான். கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுரு மரத்தில் மாளிகை கட்டுகிறாயே, உன் அப்பாவும் சாப்பிட்டார் குடித்தார், ஆனால் ஏழைக்கு நியாயம் செய்தாரே என்று எரேமியா அவனைக் கேட்டது 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரித்த சுருளை எரேமியா மறுபடி சொல்ல, பாருக் மறுபடி எழுதினார். முன்னைவிட நீளமாக! கி.மு. 586இல் எருசலேமே எரிந்தது. சுருளில் இருந்தது தப்பித்துக்கொண்டது.

மகள் கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. இராஜாக்கள் புத்தகத்தின் கடைசிச் சம்பவம் கி.மு. 561 வாக்கில் பாபிலோனில் நடப்பது. அதாவது, இன்றைய வடிவத்தில் அதை முடித்தபோது ராஜாவும் இல்லை, நாடும் இல்லை. ஊரை விட்டுத் தூரத்தில் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று எண்ணிப் பார்த்தவர்களின் கணக்குப் புத்தகம் அது. மீதிப் பாதி, நாத்தான், எலியா, எரேமியா போன்றவர்கள் ராஜா இருக்கும்போதே சொன்னது.

இந்தக் கணக்கு அதோடு முடியவில்லை. 1598இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் (பின்னால் இங்கிலாந்துக்கும் மன்னரானவர், 1611 ஆங்கில வேதாகமம் அவர் பெயரில்தான் வழங்குகிறது) ஒரு புத்தகம் எழுதினார். சாமுவேலின் அதே பட்டியலைக் காட்டி, நீங்களாகக் கேட்டு வாங்கிய ராஜா, என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வாதாடினார். அதே ஸ்காட்லாந்தில் சாமுவேல் ரதர்ஃபோர்டு என்ற போதகர் 1644இல் 'லெக்ஸ், ரெக்ஸ்' என்ற புத்தகத்தில், சட்டம்தான் ராஜாவுக்கு மேல் என்று உபாகமம் 17ஐக் காட்டி எதிர்வாதம் செய்தார். 1660இல் முடியாட்சி திரும்பியதும் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். யோயாக்கீமின் கணப்பு நினைவுக்கு வருகிறதா? 1776இல் தாமஸ் பெயின் அமெரிக்கர்களுக்கு முடியாட்சி வேண்டாம் என்று எழுதியபோதும் கையில் எடுத்தது சாமுவேலின் அதே அதிகாரத்தைத்தான். ஒரே பட்டியல். ராஜா படித்தால் உரிமைப் பத்திரம், குடிமகன் படித்தால் எச்சரிக்கை.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

இங்கே தமிழர்களுக்கான ஒரு சின்ன அமைப்பில் நாலு வருடமாக நான் செயலாளர். விதிப்படி இரண்டு முறைதான், முறைக்கு இரண்டு வருடம். அது மார்ச்சோடு முடிகிறது. "உங்களை விட்டா யாருங்க இருக்கா, விதியைத் திருத்திக்கலாம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்தது உண்மை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமுவேலின் பட்டியலை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தேன். அமைப்பின் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு எடுத்துவந்தேன். வாடகை கட்டவில்லை. மற்றவர்கள் எடுத்தால் கட்டவேண்டும் என்று பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. செயலாளரை யார் கேட்பார்கள்? ரதமும் தோட்டமும் இல்லை, இரண்டு பெட்டிதான். ஆனால் சொல் அதே சொல். எடுத்துக்கொண்டேன்.

நேற்று வாடகையைக் கட்டி ரசீது எழுதினேன், தாமதம் என்று குறிப்பும் போட்டு. பெட்டிகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைக்கவேண்டும். பொதுக்குழுவில் விதியைத் திருத்தவேண்டாம் என்று நானே எழுந்து சொல்வதாக இருக்கிறேன். அடுத்து வருகிறவர் என்னைவிடச் சுமாராகவும் செய்யலாம், அது அவர் பாடு.

மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ உங்களுக்கு எத்தனை வசனம்ப்பா?" என்றாள்.

நாத்தானை எங்கேயும் தேடவேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறாள். உங்கள் ஊர்ச் சங்கங்களில் நிலைமை எப்படி? எழுதுங்கள்.